கஞ்சாச் செறிபொருட்களும் காலமும்: பேணல் முறை பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு மருந்துப் பொருளின் வரலாற்றை எழுத முற்படுவோர், அது எங்கு விளைந்தது, எவ்வாறு பிரித்தெடுக்கப்பட்டது, எந்நோய்க்கு வழங்கப்பட்டது என்பனவற்றை விரிவாகக் கூறுவர். பிரித்தெடுக்கப்பட்ட நாளுக்கும் உட்கொள்ளப்பட்ட நாளுக்கும் இடையே அது எத்தகைய கலத்தில், எந்த அலுமாரியில், எத்தனை மாதம் கிடந்தது என்பதைப் பெரும்பாலும் எவரும் பொருட்படுத்துவதில்லை. கஞ்சாவைப் பொறுத்தமட்டில் இப்புறக்கணிப்பு சிறியதொரு குறையன்று. ஏறத்தாழ நூறாண்டுகளாக ‘நம்பத்தகாத மருந்து’ என்னும் பழி அச்செடியின் மீது சுமத்தப்பட்டது. அப்பழியின் பெரும்பகுதி செடிக்கு உரியதன்று. அதன் பிசினைப் பேணத் தெரியாமைக்கே உரியது. இதனை நிறுவுவதும், இன்று அப்பொருள் சட்டபூர்வமாக வழங்கும் நாடுகளில் வீட்டில் அதனை வைத்திருப்போர் அறியவேண்டியவற்றைத் தொகுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். இலங்கையில் கஞ்சா 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ள பொருளாகும். ஆதலின், வீட்டில் பேணுதல் பற்றி இங்கு கூறப்படுவன, கனடாவையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சில மாநிலங்களையும் போன்று சட்டம் இடமளிக்கும் இடங்களின் நிலைமையையே கருத்திற் கொண்டவை. கனடாவில் 2018 ஒக்ரோபர் 17இல் கஞ்சாவும், சரியாக ஓராண்டின் பின் 2019 ஒக்ரோபர் 17இல் அதன் செறிபொருட்களும் சட்டபூர்வமாயின. அங்கு நோயாளர் பலர் அவற்றை மருந்தாகவே வாங்கி வீட்டில் வைத்துள்ளனர். அவர்களுக்கு இது ஆய்வுகூடப் பிரச்சினையன்று; அன்றாடப் பிரச்சினையாகும்.

1. பிசினும் அதன் இயற்கைக் கலமும்

கஞ்சாச் செடியின் பெண் பூங்கொத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கின், பூவடிச் செதில்களின் மீது காம்பும் தலையும் கொண்ட நுண்ணிய சுரப்பு மயிர்கள் அடர்ந்திருத்தலைக் காணலாம். செடியின் மருந்தியல்புக்கும் மணத்துக்கும் காரணமான பிசின் இம்மயிர்களின் தலைப்பகுதியிலேயே திரள்கின்றது. அதில் இருவகைப் பொருட்கள் முக்கியமானவை. ஒருவகை, கனபினோயிட்டுகள் எனப்படுவன, தெற்றாஐதரோகனபினோல் (ரி.எச்.சி.), கனபிடயோல் என்பன இவற்றுள் அடங்கும். மற்றொருவகை, மணத்தைத் தரும் தேர்ப்பீன்கள். மிர்சீன், லிமோனீன், பைனீன், கரியோபிலீன் என்பன இவற்றுட் சில. எலுமிச்சைத் தோலிலும் மிளகிலும் தேவதாரு மரத்திலும் உள்ள மணப்பொருட்களும் இவ்வினத்தனவே.

உயிருள்ள செடியில் ரி.எச்.சி. அதன் அமில வடிவிலேயே பெரிதும் காணப்படும். வெப்பம் படும்போது அவ்வமிலம் காபனீரொட்சைட்டை இழந்து, போதை தரும் ரி.எச்.சி. ஆக மாறுகின்றது. இம்மாற்றம் அறை வெப்பநிலையிலும் மெதுவாக நிகழும்.

செறிபொருள் என்பது இப்பிசினைச் செடியின் ஏனைய பாகங்களினின்றும் பிரித்தெடுப்பதனால் உண்டாவது. உள்ளங்கையால் தேய்த்தெடுக்கும் சரசு, சல்லடையாற் சலித்து அழுத்திய ஹஷீஷ், அற்ககோலிற் கரைத்த டிங்சர் என்பன பழையவை. பியூற்றேன் கொண்டு பிரித்தெடுக்கும் எண்ணெய், அது கண்ணாடி போல் இறுகிய ஷற்றர், வெப்பமும் அழுத்தமும் மட்டும் கொண்டு பிழிந்தெடுக்கும் றொசின், அறுத்தவுடன் உறையவைத்த செடியிலிருந்து பெறும் லைவ் றெசின் என்பன புதியவை. புதியனவற்றுள் ரி.எச்.சி. நூற்றுக்கு 60 முதல் 80 வரையும் அதற்கு மேலும் இருத்தல் உண்டு.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. சுரப்பு மயிரின் தலை, பிசினுக்கு இயற்கை அளித்த கலமாகும்; காற்றும் நீரும் எளிதிற் புகாதவாறு அது பிசினை மூடிக் காக்கின்றது. செறிபொருளைச் செய்பவர் அக்கலத்தை உடைத்தே பிசினைப் பெறுகின்றார். ஆகவே, செறிபொருள் என்பது தன் கலத்தை இழந்த பிசின். இழந்த கலத்துக்கு ஈடாக வேறொரு கலத்தை அளிப்பது அதனை வைத்திருப்பவரின் பொறுப்பாகின்றது. பேணல் பற்றிய எல்லா விதிகளும் இவ்வொரு உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

2. தோற்பை முதல் டிங்சர் வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியத் துணைக்கண்டத்தில் வழங்கிய சரசின் பெரும்பகுதி மத்திய ஆசியாவின் யார்க்கந்துப் பகுதியிலிருந்து வந்தது. கரக்கோரம் மலைக் கணவாய்களைக் கடந்து லே நகரை அடைந்து, அங்கிருந்து குலு வழியாகப் பஞ்சாபின் ஹோஷியார்பூர், அமிர்தசரஸ் ஆகிய சந்தைகளை அது சென்றடைந்தது. பிசினைத் தோலிற் பொதிந்து கட்டிக் குதிரைகள் மீது ஏற்றினர். ஒளி புகாத தோல், இறுக அழுத்தப்பட்டமையால் உள்ளே காற்றுக்கு இடமின்மை, வழிநெடுகிலும் குளிர்ந்து வறண்ட மலைக்காலநிலை ஆகிய மூன்றும் அவ்வணிகத்தில் ஒருங்கே அமைந்திருந்தன. அவ்வணிகர் இதனை ஒரு கோட்பாடாக எழுதி வைத்திலர். ஆயினும் இன்றைய இரசாயனம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு மிக அண்மையிலேயே அவர்தம் வழக்கம் நின்றது எனலாம்.

ஐரோப்பிய மருத்துவத்தினுள் கஞ்சா புகுந்த வழி வேறு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய வில்லியம் ஓஷோக்னசி, 1839ஆம் ஆண்டில், பிசினை அற்ககோலிற் கரைத்து நோயாளருக்கு வழங்கிய பரிசோதனைகளை வெளியிட்டார். அதன்பின் இலண்டன் மருந்தாளர் பீற்றர் ஸ்குவயர் அதன் சாற்றை ஆக்கி விற்பனைக்கு விட்டார். மருந்து கப்பலேறி, பண்டசாலையிற் கிடந்து, மருந்தகத்தின் தட்டில் கண்ணாடிப் போத்தலில் இடம்பெற்றது. தோற்பையின் இருளிலிருந்து கண்ணாடியின் வெளிச்சத்துக்கும், இறுகிய திண்மத்திலிருந்து அற்ககோற் கரைசலுக்கும் அது பெயர்ந்தது.

விளைவு விரைவில் வெளிப்பட்டது. ஒரு போத்தல் மருந்து நோயாளரை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தியது. மற்றொரு போத்தல் எவ்வித பயனும் தரவில்லை. விக்ரோறியா மகாராணியாரின் மருத்துவர்களுள் ஒருவரான ரசல் றெனோல்ட்ஸ், 1890இல் ‘லான்செற்’ இதழில் எழுதிய கட்டுரையில் இம்மருந்தின் பயனைப் போற்றிய அதேவேளை, அதன் வலு மாறுபடுவது பற்றி எச்சரித்து, சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுமாறு அறிவுறுத்தினார். வலுவை அளக்கும் இரசாயன முறை இல்லாமையால், நாய்களுக்கு மருந்தைக் கொடுத்து அவற்றின் தள்ளாட்டத்தைக் கொண்டு அதனை மதிக்கும் முறை அமெரிக்காவிற் கையாளப்பட்டது.

இதே காலத்தில் வங்காளத்தில் கஞ்சாவின் பயிர்ச்செய்கையை ஆராய்ந்த தாவரவியலாளர் டேவிட் பிறெயின், பண்டசாலையில் வைக்கப்படும் கஞ்சா காலம் செல்லச் செல்ல வலுவிழத்தலைக் குறித்துச் சென்றார். 1893-94இல் விசாரணை நடாத்திய இந்தியக் கஞ்சா ஆணைக்குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துப் பல தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டது. ஆட்சியாளரின் முதன்மையான அக்கறை வரியாகவே இருந்தது. வரி நிறைக்கு விதிக்கப்பட்டது. வலுவிழந்த சேர் ஒன்றும் வலுவுள்ள சேர் ஒன்றும் கணக்கேட்டில் ஒன்றே. நிறை குறைந்தால் கணக்கர் கவலைப்பட்டனர். குணம் குறைந்தால் கவலைப்பட்டவர் அதனை வாங்கியவர் மட்டுமே.

1932இல் பிரித்தானிய மருந்து நூலிலிருந்தும், 1942இல் அமெரிக்க மருந்து நூலிலிருந்தும் கஞ்சா நீக்கப்பட்டது. இதற்குப் பல காரணங்கள் இருந்தன. ஊசிமூலம் ஏற்றத்தக்க மருந்துகளும் அஸ்பிரினும் அதன் இடத்தைப் பிடித்தன. 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும், 1937ஆம் ஆண்டின் அமெரிக்க வரிச்சட்டமும் அதன் வழங்கலை நெருக்கின. எனினும், மருத்துவர் அதனைக் கைவிட முன்வந்தமைக்கு ‘இம்மருந்தின் வலு நிலையற்றது’ என்ற எண்ணம் முக்கிய காரணமாயிற்று என்பதில் ஐயமில்லை.

3. ஆய்வுகூடம் கண்ட விடை

வலு ஏன் குன்றுகின்றது? கேம்பிறிட்ஜில் வூட், ஸ்பைவி, ஈஸ்ரர்பீல்ட் ஆகியோர் 1896இல் சரசைக் காய்ச்சி வடித்துச் சிவந்த எண்ணெய் ஒன்றைப் பெற்றனர். 1899இல் அதிலிருந்து தூய பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். கனபினோல் என்னும் பெயர் அதற்கே நிலைத்தது. அதே காலத்தில் அங்கு பணியாற்றிய மார்ஷல், கஞ்சா வலுவிழப்பதற்கு ஒட்சியேற்றமே காரணம் என வாதிட்டார். அவர் கூற்றின் முழுப்பொருளும் விளங்க அரைநூற்றாண்டுக்கு மேற் சென்றது.

1940ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் றொஜர் அடம்சும் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் ரொட்டும் கனபினோலின் அமைப்பைத் தெளிவாக்கினர். அப்போது, கஞ்சாவின் செயற்பாட்டுக்கு அது காரணமன்று என்பது புலனாயிற்று. 1964இல் இஸ்ரேலில் றபேல் மெக்கூலமும் யெகீல் கவோனியும், பொலிசார் கைப்பற்றிய லெபனான் ஹஷீஷிலிருந்து ரி.எச்.சி.யைத் தூய நிலையிற் பிரித்து அதன் அமைப்பை நிறுவினர். கனபினோல் என்பது ரி.எச்.சி. ஐதரசனை இழந்து, அதாவது ஒட்சியேற்றமடைந்து, உண்டாகும் பொருளாகும். எனவே முன்னோடி ஆய்வாளர் முதன்முதலிற் கைப்பற்றிய தூய பொருள் மருந்து அன்று. மருந்து மூப்படைந்ததன் எச்சம். அவர்தம் திறமையில் குறை காண்பதற்கில்லை. நெடுந்தொலைவு வந்து நெடுங்காலம் கிடந்த பிசினில் அவ்வெச்சம் மிகுந்திருந்தது. அது எளிதிற் பளிங்காகும் சேர்வைகளைத் தந்தது. ஆகவே அது முதலில் அகப்பட்டது.

இதனை வரலாற்று எச்சங்களும் உறுதிப்படுத்துகின்றன. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் துர்பான் அருகே யாங்ஹாய்க் கல்லறையொன்றிற் கிடைத்த, ஏறத்தாழ 2700 ஆண்டுப் பழைமையான கஞ்சா பற்றிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. அதில் ரி.எச்.சி. எஞ்சியிருக்கவில்லை, அதன் சிதைவுப் பொருளான கனபினோலே காணப்பட்டது.

பேணல் பற்றிய முறையான சோதனையை இலண்டனில் பெயர்பேர்னும் அவருடன் பணியாற்றியோரும் நடாத்தி 1976இல் வெளியிட்டனர். அவர்தம் முடிவுகள் இன்றும் அடிப்படையானவை. முதலாவது, கனபினோயிட்டுகளின் இழப்புக்குத் தனிப்பெருங் காரணம் ஒளி. நேரடி வெயில் வேண்டியதில்லை, சாதாரண வெளிச்சமே போதும். இரண்டாவது, கரைசல்களே ஒளியால் மிக விரைந்து சிதைகின்றன. எதனோற் கரைசல் நிலையானது என்ற முந்திய கூற்று பொருந்தவில்லை. மூன்றாவது, காற்றின் ஒட்சிசன் குறிப்பிடத்தக்க இழப்பை ஏற்படுத்துகின்றது. சுரப்பு மயிர்கள் உடையாதிருப்பின் அவ்விழப்புக் குறைகின்றது. நான்காவது, 20 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையின் தாக்கம் கருதத்தக்கதன்று. கவனமாகச் செய்யப்பட்ட மூலிகையோ பிசினோ சாறோ இருளில், அறை வெப்பநிலையில், ஓரிரு ஆண்டுகள் ஓரளவு நிலைத்திருக்கும் என்பது அவர்களின் முடிபு.

இம்முடிவுகளை மருந்தகத் தட்டின் மீது பொருத்திப் பார்ப்போமாயின், றெனோல்ட்ஸ் காலத்து மர்மம் பெருமளவு நீங்குகின்றது. கரைசல், ஒளி, திறந்து மூடுந்தோறும் புகும் காற்று என்னும் மூன்று பகைகளும் டிங்சர் போத்தலில் ஒன்றுகூடியிருந்தன. செடிக்குச் செடி வேறுபாடு இருந்தது உண்மையே. ஆயினும், ஒரே செடியின் சாறு இரு போத்தல்களில் இருவேறு வலுவுடையதாதல், அவை கிடந்த இடமும் காலமும் வேறுபட்டமையாலும் நிகழத்தக்கது. அன்றைய மருத்துவர் ‘செடி நிலையற்றது’ என்றனர். போத்தலை ஐயுற்றவர் மிகச் சிலரே.

அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் றொஸ், எல்சோலி ஆகியோர் 1990களின் பிற்பகுதியில் வெளியிட்ட ஆய்வொன்று இழப்பின் அளவைக் காட்டுகின்றது. அறை வெப்பநிலையில் வைக்கப்பட்ட உலர்ந்த கஞ்சா, சராசரியாக முதலாம் ஆண்டில் தன் ரி.எச்.சி.யில் நூற்றுக்கு 16.6ஐ இழந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் இழப்பு 26.8 ஆகவும், மூன்றாம் ஆண்டு முடிவில் 34.5 ஆகவும், நான்காம் ஆண்டு முடிவில் 41.4 ஆகவும் உயர்ந்தது. இழப்பின் வேகம் தொடக்கத்திலேயே மிகுதி என்பது கவனிக்கத்தக்கது.

4. மணம் முந்தி மறையும்

வலுவைக் காட்டிலும் விரைந்து மறைவது மணமும் அதனோடு ஒன்றிய சுவையுமாகும். மிர்சீன், லிமோனீன், பைனீன் முதலிய சிறு மூலக்கூறுகள் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகின்றன. மூடியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் மணம், அப்பொருளை விட்டு நீங்கிக்கொண்டிருக்கும் மணமே. கரியோபிலீன், ஹியூமுலீன் போன்ற பெரிய மூலக்கூறுகள் மெதுவாகவே நீங்கும். ஆகவே பழைய செறிபொருளில் எலுமிச்சையையும் தேவதாருவையும் ஒத்த மேன்மணம் போய், மிளகையும் மரத்தையும் ஒத்த அடிமணமே எஞ்சும். கனிந்த கஞ்சாவின் கடுநெடிக்குக் காரணமான கந்தகச் சேர்வைகளை 2021இல் வெளியான ஆய்வொன்று இனங்கண்டது. பூங்கொத்தைப் பதப்படுத்துங் காலத்தில் உச்சத்தை அடையும் அவை, சேமிப்பில் வைத்த ஒரு வாரத்திலேயே பெரிதும் குறைந்தமையை அவ்வாய்வு காட்டியது.

எனினும் மூப்பு முற்றிலும் இழப்பே என்றும் கூறுதற்கில்லை. மொறோக்கோ ஹஷீஷின் சிறப்பான மணத்துக்குரிய பொருளொன்றை 2014இல் ஆய்வாளர் இனங்கண்டு அதற்கு ஹஷீஷீன் எனப் பெயரிட்டனர். அது செடியில் இயல்பாக மிகுந்திருப்பதன்று. மிர்சீன் ஒளியாலும் காற்றாலும் மாற்றமடைந்து உண்டாவது. எனவே, ஒரு மரபினர் விரும்பும் ‘ஹஷீஷ் மணம்’, மற்றொரு மரபினர் ‘பழுது’ எனக் கருதும் நிகழ்வின் விளைவேயாகும். ‘புதுமை’ என்பது இரசாயனத்தால் மட்டும் வரையறுக்கப்படுவதன்று. பழக்கத்தாலும் சந்தையாலும் வரையறுக்கப்படுவதாகும். மருந்தாக உட்கொள்வோருக்கோ, சுவையினும் அளவு மாறாமையே முதன்மையானது.

5. வீட்டிற் பேணும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து வீட்டுக்குரிய விதிகளைப் பெறுதல் கடினமன்று.

கலம்: சிறிய, தடித்த கண்ணாடிக் கலமும் இறுக மூடும் மூடியும் சிறந்தவை. கண்ணாடி மணத்தை உறிஞ்சாது. பிசினோடு தாக்கம் புரியாது. பிளாஸ்ரிக் கலங்களைத் தவிர்த்தல் வேண்டும். லிமோனீன் சிலவகைப் பிளாஸ்ரிக்கைக் கரைக்கவல்லது. ஒட்டாத் தன்மையால் பலரும் விரும்பும் சிலிக்கோன் கலம் சில நாட்களுக்குப் பொருந்தும். நெடுநாள் வைப்பின் மணப்பொருட்களை அது ஈர்த்துக்கொள்ளும். இறுகிய ஷற்றரையும் றொசினையும் ஒட்டாத பார்ச்மென்ட் கடதாசியில் மடித்து, அம்மடிப்பைக் கண்ணாடிக் கலத்தினுள் இடலாம். மெழுகுக் கடதாசி ஆகாது. மெழுகு பொருளோடு கலந்துவிடும்.

காற்று: கலம் பொருளின் அளவுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். பெரிய போத்தலின் அடியில் சிறிதளவு பொருளை வைப்பது, ஒட்சிசனை வேண்டியளவு உடன் வைத்து மூடுவதற்கு ஒப்பாகும். நெடுங்காலத்துக்குரியதைச் சிறு பங்குகளாகப் பிரித்துத் தனித்தனிக் கலங்களில் இட்டு, ஒன்று முடிந்த பின்னரே மற்றதைத் திறத்தல் நன்று. வெற்றிடமாக்கும் கருவிகளை மணமுள்ள எண்ணெய்ப் பொருட்களுக்குப் பயன்படுத்தலாகாது; அழுத்தம் குறையும்போது தேர்ப்பீன்கள் மேலும் விரைந்து ஆவியாகும். ஹஷீஷைத் துண்டாக்காது கட்டியாகவே வைத்தல் வேண்டும். கட்டியின் மேற்பரப்புக் கறுத்து உலர்ந்தாலும் உட்பகுதி நெடுநாள் கெடாதிருக்கும்.

ஒளியும் வெப்பமும்: இவற்றுள் ஒளியைத் தடுப்பதே முதற்கடமை. கபிலநிறக் கண்ணாடி உதவும். மூடிய பெட்டி அதனினும் உதவும். சில வாரங்களில் முடியக்கூடியதைக் குளிர்ந்த இருண்ட அலுமாரியில் வைக்கலாம். மாதக்கணக்கில் வைப்பதாயின் குளிர்சாதனப் பெட்டியும், அதற்கும் மேலாயின் உறைபெட்டியும் பொருந்தும். குளிர் தேர்ப்பீன்களின் ஆவியாதலைத் தணித்து, எல்லா இரசாயன மாற்றங்களையும் மந்தமாக்குகின்றது. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியினுள் ஒரு பிற்பகல் வைத்தாலே மணம் கெடுவதுடன், அமில வடிவிலுள்ள பொருள் காபனீரொட்சைட்டை வெளியிட்டுக் குமிழிகள் நிறைந்து உருகிவிடுதலும் கூடும்.

ஈரம்: குளிரிலிருந்து எடுத்த கலத்தை உடனே திறத்தல் பெரும்பிழை. அறையின் நீராவி குளிர்ந்த பொருளின் மீது ஒடுங்கி நீர்த்துளியாகப் படியும். கலம் அறை வெப்பநிலையை அடையும்வரை மூடியபடியே வைத்துப் பின்னர் திறத்தல் வேண்டும். எண்ணெய் வகைகளில் ஈரம் மிகக் குறைவாதலின் பூஞ்சணம் பிடிப்பது அரிது. பனிநீரில் அலசிப் பெறும் ஹஷீஷ் நன்கு உலர்த்தப்படாவிடின் அதில் பூஞ்சணம் தோன்றும். தோன்றியதை எவ்வகையிலும் சீர்செய்ய முயலாது எறிந்துவிடுதலே தக்கது. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய நோயாளருக்கு அத்தகைய பூஞ்சணம் உயிராபத்தாகவும் முடியலாம்.

தோற்றம்: தெளிந்த ஷற்றர் சீனி போல் மணல்மணலாக மாறுதலும், லைவ் றெசினில் பளிங்குகள் அடியிற் படிந்து குழம்பு மேலே பிரிதலும் பழுதென்று கொள்ளத்தக்கன அல்ல, அவை பளிங்காதலின் விளைவுகள். ஆயின், பிரிந்த நிலையில் மேலிருந்து எடுத்த துளியும் அடியிலிருந்து எடுத்த துளியும் ஒரே வலுவுடையன ஆகா. நிறம் கறுத்தலும் மணம் மங்கலும் மூப்பின் அறிகுறிகள். கண்ணால் மட்டும் தரத்தை மதிப்பதன் ஆபத்தை 2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் நோய் உணர்த்தியது. சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்பட்ட ஆவிக்குழாய்களில், நீர்த்த எண்ணெய் தடித்துத் தோன்றும்பொருட்டு விற்றமின் ஈ அசற்றேற்று கலக்கப்பட்டிருந்தது. தடித்த எண்ணெய் தூய எண்ணெய் என்று நம்பியோர் ஏமாற்றப்பட்டனர். 2020 பெப்ரவரி நடுப்பகுதிவரை 2,807 பேர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டோ இறந்தோ இருந்தனர். உறுதிசெய்யப்பட்ட மரணங்கள் 68.

பூட்டு: இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. நூற்றுக்கு 80 வீதம் ரி.எச்.சி. கொண்ட ஒரு கிராம் செறிபொருளில் 800 மில்லிகிராம் ரி.எச்.சி. உண்டு. கனடாவில் உணவு வடிவிலான கஞ்சாவின் ஒரு பொதிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 10 மில்லிகிராம். எனவே, ஒரு விரல்நுனியளவு பொருளில் அத்தகைய 80 பொதிகளுக்குரிய வலு அடங்கியுள்ளது. பொருளைக் காக்கும் குளிர்சாதனப் பெட்டி, அவ்வீட்டுக் குழந்தை பாலும் பழமும் எடுக்கும் பெட்டியுமாகும். தேன் போன்றும் கற்கண்டு போன்றும் தோன்றும் இப்பொருளை உணவோடு திறந்து வைப்பது குற்றத்துக்கு ஒப்பான கவனயீனமாகும். கலத்தைப் பூட்டுள்ள சிறுபெட்டியினுள் இட்டு, அப்பெட்டியையே குளிரில் வைத்தல் வேண்டும். கலத்தின் மீது பொருளின் பெயர், வலு, திறந்த தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டொன்று ஒட்டப்படுவதும் அவசியம்.

முடிவுரை

மருந்துக்கு ஆயுள் உண்டு என்னும் எண்ணம் நமது சித்த மருத்துவ மரபுக்குப் புதியதன்று. சூரணத்துக்கு ஒரு காலம், இளகத்துக்கு ஒரு காலம், பற்பத்துக்கு ஒரு காலம் என அம்மரபு எல்லை வகுத்துள்ளது. ஆக்கிய மருந்து காலத்தில் வாழ்கின்றது. ஆதலின் காலத்தில் மூப்படைகின்றது என்பதே அதன் உட்கருத்து. கஞ்சாவின் வரலாற்றிலோ, இக்கருத்து உரிய நேரத்தில் உரியவர்க்கு எட்டாமையால், பேணலின் குறை பொருளின் குணமாகப் பதிவாயிற்று. அப்பதிவு ஒரு மருந்தை அரைநூற்றாண்டுக்கு மேலாக ஆய்வினின்றும் ஒதுக்கி வைக்க உதவியது.

இன்றைய சந்தையிலும் இக்குறை முற்றாக நீங்கிவிடவில்லை. பொதியின் மீது அச்சிடப்படும் வலு, சோதித்த நாளின் வலு. உட்கொள்ளும் நாளின் வலுவன்று. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலம் பண்டசாலைக்கும் கடைத் தட்டுக்கும் வீட்டு அலுமாரிக்கும் உரியது. முதலிரண்டும் வணிகரின் பொறுப்பு. அவற்றைக் கண்காணிப்பது அரசின் கடமை. விலையை நிறைக்கும் வலுவுக்கும் ஏற்ப அறவிடுவோர், அவ்வலு எவ்வளவு காலம் எந்நிலையில் நிலைக்கும் என்பதையும் பொதியின் மீதே எழுதுதல் வேண்டும் எனக் கோருவது வாங்குவோரின் உரிமையாகும். மூன்றாவதான வீட்டு அலுமாரிக்கு வேண்டியன இருள், குளிர், இறுகிய மூடி, தேதியிட்ட சீட்டு, பூட்டு என்னும் ஐந்தே. இவற்றை வாங்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை.

ஒரு பொருள் பயன்தரவில்லை என்று தீர்ப்புக் கூறுமுன், அது எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்று வினாவுதல் அறிவியலின் முதற்பாடங்களுள் ஒன்றாகும். கஞ்சாப் பிசினின் கதை அப்பாடத்தை மிகுந்த விலை கொடுத்து நமக்குக் கற்பித்துள்ளது.